நகம் தட்டுகிற இடம்

எங்கள் தெருவில் எது வீடு, எது பட்டறை என்று புதிதாக வருகிறவனுக்குப் பிடிபடாது. முன்னறையில் லேத் ஓடும், பின்னறையில் உலை கொதிக்கும். பிள்ளைகள் இரும்புச் சுருளை மிதித்துக் காலைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கும். தாய்மார் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத்தான் கட்டுப் போடுவார்கள். நான் ஒரு சின்ன வேன் வைத்துக்கொண்டு இந்தத் தெருவின் இரும்பை ஏற்றி இறக்கிப் பிழைக்கிறேன். அதனால் எந்த வீட்டில் என்ன மெஷின் வருகிறது, எந்த வீட்டிலிருந்து எது போகிறது என்பது எனக்குத் தெரியாமல் நடக்காது. எவன் சந்தோஷமாக ஏற்றினான், எவன் அழுதுகொண்டே ஏற்றினான் என்பதும் தெரியும்.

எதிர்வீட்டுக்காரருக்கு மைக்ரான் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு மைக்ரான். பெரிய தொழிற்சாலையில் இரும்பைச் சீவி வெட்டும் மில்லிங் மெஷின் ஓட்டியவர். இரும்பின் மேல் விரலை வைத்து ஓட்டினால் தலைமுடியில் பாதி கனமுள்ள மேட்டையும் சொல்லிவிடுவார். தெருவில் யார் பழைய மெஷின் வாங்கப் போனாலும் அவரை அழைத்துக்கொண்டுதான் போவார்கள். அவர் கண்ணை மூடி விரலை ஓட்டுவார். முடித்துவிட்டு, "டீ சொல்லுப்பா" என்றால் மெஷின் நல்ல மெஷின், வாங்கலாம். ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தால் கூட வந்தவனும் பின்னாலேயே நடக்க வேண்டியதுதான். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர் இருக்கும் இடத்தில் அளவுக்கருவியை எடுத்து வைத்தால், விருந்துக்கு வந்தவர் கையிலிருக்கும் சோற்றை எடை போட்டுப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

அந்த விரல் செத்துக்கொண்டிருந்தது. இது எனக்கும் அவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும்.

தொழிற்சாலையில் கையால் ஓட்டும் மெஷின்களையெல்லாம் எடுத்தபோது அவரையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்த கொஞ்ச நாளில் விரல் மரத்துப்போகிறது என்றார். என் வண்டியில்தான் போனோம். இத்தனை வருஷமும் மெஷினைப் பிடித்துப் பிடித்து, அந்த அதிர்விலேயே விரல் நரம்புகள் நைந்துவிட்டன என்றார் டாக்டர். இருக்கிற உணர்ச்சியைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனது திரும்பாது என்றும் சொன்னார். வெளியே வந்து வண்டியில் ஏறியவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இதை உங்க அக்காகிட்ட சொன்னே, அப்புறம் உன் வண்டியில காலை வைக்கமாட்டேன்." ஓசியில் வருகிறவர் இப்படி மிரட்டினால் சிரிப்புத்தான் வரவேண்டும். அன்றைக்கு எனக்கு வரவில்லை.

அக்கா என்று நான் சொல்வது அவர் மனைவியை. ஒரு கம்பெனியில் சிஎன்சி மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் சொல்ல, மெஷின் தானே வெட்டும். மாற்றி மாற்றி ஷிப்ட் பார்த்து உடம்பு கெட்டுப்போய், வீட்டிலேயே சொந்தமாக ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். புதிது வாங்குவதெல்லாம் நம் மாதிரி ஆட்களுக்கு ஆகிற கதையா? பழைய கை மில்லிங் ஒன்றை வாங்கி, கைப்பிடி இருக்கும் இடத்திலெல்லாம் மோட்டார் வைத்து, அதைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துவிடுவது என்று ஏற்பாடு. மோட்டார் வேலைக்கு அவள் தம்பி இருந்தான். கரண்ட் சம்பந்தப்பட்ட எதையும் பிரித்துப் போட்டுவிடுவான். பாதியை மறுபடி சேர்த்தும்விடுவான். அவனுக்கு சர்க்யூட் என்று பெயர்.

அக்கா வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டாள். முன்னறையைக் காலி செய்து கட்டிலையும் பீரோவையும் உள்ளே தள்ளியாகிவிட்டது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கட்டில் மேல் ஏறித்தான் வழிவிட வேண்டும். இருந்ததையெல்லாம் திரட்டி ஒரே ஒரு மெஷின். அது சரியாக அமைந்தால் குடும்பம் நிமிரும். தப்பாக அமைந்தால் இன்னொன்று பார்க்க வழியில்லை. எது நல்லது என்று சொல்ல வேண்டியவர் மைக்ரான்.

மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் காலியான முன்னறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, கைப்பிடியில ஆட்டம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றான் சர்க்யூட். "அது சுத்தற ஸ்க்ரூவையே கழட்டிப் போட்டுட்டுப் புதுசு போடப்போறோம். பேரிங் மாத்தலாம், மோட்டார் மாத்தலாம். ஸ்லைடு தேஞ்சிருந்தா மட்டும் நான் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

"பாடம் இல்ல மாமா. கையில ஓட்டும்போது தேஞ்ச இடம் வந்தா உங்க கை அதுபாட்டுக்கு சரி பண்ணிக்கும். மோட்டாருக்கு அந்தப் புத்தி கிடையாது. சொன்னதை மட்டும்தான் செய்யும்."

"உங்க அக்கா மாதிரின்னு சொல்லு."

"ஆமா" என்றாள் அக்கா வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல். "சொன்னதைச் செஞ்சு செஞ்சுதான் இப்படிக் கட்டில் மேல ஏறி இறங்கிட்டிருக்கேன்."

ஸ்லைடு என்பது மெஷினின் டேபிள் ஓடுகிற இரும்புப் பாதை. எல்லோரும் நடுவிலேயே வேலை செய்வார்கள். அதனால் நடுப்பகுதி தேயும், ஓரம் தேயாது. தேயாத இடம் முடிந்து தேய்ந்த இடம் ஆரம்பிக்கிற எல்லையில் ஒரு படி நிற்கும். மணல் தாள் போட்டுத் தேய்த்துக் கிரீஸையும் பூசிவிட்டால் அந்தப் படி கண்ணுக்குத் தெரியாது. விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"நாளைக்குப் பளபளா ஒண்ணு வெச்சிருக்கான், அதைப் பாத்துடலாம்" என்றார் மைக்ரான். பேசும்போது கட்டைவிரலால் மற்ற விரல்களின் நுனியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பளபளா என்பவன் பழைய மெஷின் தரகன். எதைக் கொண்டுவந்தாலும் பெயிண்ட் அடிக்காமல் விற்கமாட்டான். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் நமக்கும் ஒரு கோட் அடித்துவிடுவான். மறுநாள் அவன் கிடங்குக்குப் போனபோது, தகரக்கூரையில் மழை விழும் சத்தத்துக்கு நடுவில் ஒரு மில்லிங் மெஷின் கிளிப்பச்சையில் நின்றுகொண்டிருந்தது.

"எப்படி இருக்கு பாருங்கண்ணே, மணப்பொண்ணு மாதிரி!" என்றான்.

"பவுடர் போட்டா எல்லாரும் மணப்பொண்ணுதான்" என்றார் மைக்ரான். பழைய மைக்ரானைப் பார்த்த மாதிரி எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

கைப்பிடியைச் சுற்றினார். ஆட்டமே இல்லாமல் சுற்றியது. டேபிளைக் கடைசிவரை தள்ளிவிட்டு, வெளியே தெரிந்த ஸ்லைடிலிருந்த கிரீஸைத் துணியால் வழித்தெடுத்தார். கண்ணை மூடினார். விரலை வைத்தார். முன்பெல்லாம் அந்த விரல் ஈ உட்கார்ந்து நடப்பது போல இரும்பைத் தொட்டும் தொடாமலும் போகும். இப்போது நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினார். ஒரு முறை போய்த் திரும்பியது விரல். மறுபடியும் போனது. 

கண்ணைத் திறந்தார். யாரையும் பார்க்கவில்லை.

"டீ சொல்லுப்பா."

பளபளா முகத்தில் பத்து பல்ப் எரிந்தது. சர்க்யூட் கையைத் தேய்த்துக்கொண்டான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"அண்ணே, எதுக்கும் ஒரு டயல் கேஜ் வெச்சு அளந்து பாத்துடலாமே" என்றேன்.

"யாருக்கு? மைக்ரான் அண்ணனுக்கா?" பளபளா விழுந்து விழுந்து சிரித்தான். "ஏம்ப்பா, உன் வேனுக்குப் பெட்ரோல்தானே போடறே? நீயே குடிச்சுட்டியா?"

அக்காவும் என்னை முறைத்தாள். "அவர் விரல் இருக்கும்போது டயல் எதுக்கு? நீ சும்மா இரு."

இதைச் சொல்லிக்கொண்டே மெஷினிடம் போனாள். நம்முடையது என்று ஆகிவிட்ட பொருளைத் தடவிப் பார்ப்போமே, அப்படி அந்த ஸ்லைடைத் தடவினாள். உள்ளே போய்த் திரும்பி வரும்போது பாதியில் அவள் கை நின்றது. மறுபடி உள்ளே போனது. நகத்தை வைத்து இன்னொரு தரம் வெளியே இழுத்தாள். நின்றது.

திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் அப்போதுதான் வந்த டீயை ஊதிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். புருஷன் விரலைப் பற்றி அவளுக்குத் தெரிய வேண்டியது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

"அப்ப அட்வான்ஸ் பேசிடலாமா?" என்றான் பளபளா.

"இது வேணாம்" என்றாள் அக்கா.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? அண்ணனே டீ சொல்லிட்டாரு. என்ன குறை?"

அவள் மெஷினை மேலும் கீழும் பார்த்தாள். 

"எனக்கு இந்தக் கலர் பிடிக்கல" என்றாள்.

 அப்புறம் பளபளா சிரிக்க ஆரம்பித்தான் பாருங்கள், கிடங்கில் வேலை செய்கிறவர்களெல்லாம் கருவியைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "கேட்டீங்களாடா? மில்லிங் மெஷினுக்குக் கலர் பாக்கறாங்க! சேலைக்கடைக்குப் போக வேண்டியவங்க வழி தப்பி இங்க வந்துட்டாங்க!"

"அக்கா, வேற பெயிண்ட் அடிச்சுக்கலாம்க்கா" என்றான் சர்க்யூட், அவமானத்தில் குரல் இறங்கிப்போய்.

"வேணாம்னா வேணாம். தினமும் எழுந்து இந்தப் பச்சை மூஞ்சியில முழிக்க என்னால ஆகாது."

"நான் டீ சொல்லிட்டேன்" என்றார் மைக்ரான். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"குடிங்க. ஆறிடப்போகுது" என்றாள் அவள்.

திரும்பி வரும்போது சர்க்யூட் பின்னால் ஏறிக்கொண்டான். முன்னால் எனக்கும் கதவுக்கும் நடுவில் புருஷனும் பெண்டாட்டியும். வைப்பர் ஒரு பக்கம் மட்டும்தான் வேலை செய்யும் வண்டி என்னுடையது. மூன்று பேரும் அந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

"இத்தனை வருஷத்துல நான் டீ சொன்ன மெஷினை ஒருத்தன் வேணாம்னு சொன்னதில்ல" என்றார் மைக்ரான். "என் பொண்டாட்டி சொல்றா. அதுவும் எதுக்கு? கலருக்கு!"

அக்கா கண்ணாடியில் படிந்த ஆவியை முந்தானையால் துடைத்தாள்.

"சிஎன்சி ஓட்டினவதானே நீ? மெஷின்னா என்னன்னு தெரியாதவளா? என் விரலைவிட உனக்குக் கலர் பெருசாப் போச்சா?"

"பிடிக்கலைன்னா விட்டுடுங்களேன்."

"நாளைக்கு விடியறதுக்குள்ள தெரு முழுக்கச் சொல்லிடுவான் அவன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, தெரியுமில்ல?"

"சொல்லட்டும்" என்றாள். "என்னைத்தானே சொல்லுவான்."

நான் கியரை மாற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்குப் புரியவில்லை. பைத்தியக்காரி, பைத்தியக்காரி என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீடு வந்ததும் கதவை ஓங்கிச் சாத்தினார். என் வண்டிக் கதவு அதைத் தாங்கியதே பெரிய விஷயம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா ஒரு தட்டில் சோறும் முட்டைப் பொரியலும் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் தனிக்கட்டை. அது புதிதில்லை. ஆனால் தட்டை என் கையில் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர்கிட்டப் போனது உன் வண்டியிலதானே?"

"அது வந்துக்கா, காய்ச்சலுக்கு..."

"பொய் சொன்னே, இனிமே என் வீட்டுச் சோறு உனக்குக் கிடையாது."

புருஷன் வண்டியில் காலை வைக்கமாட்டேன் என்கிறார், பெண்டாட்டி சோறு கிடையாது என்கிறாள். நடுவில் மாட்டிக்கொண்டவன் கதி இதுதான். சொல்லிவிட்டேன். எந்தெந்த விரல், டாக்டர் என்ன சொன்னார், எல்லாம்.

"திரும்பி வராதாமா?"

"வராதாம்க்கா."

"சூடு தெரியுமா அவருக்கு?"

"அதுவும் சரியாத் தெரியாதுன்னாரு."

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்கு அடுப்புல இருந்த சட்டியை வெறும் கையில தூக்கினாரு. வீரம் காட்டறீங்களான்னு கேட்டுத் திட்டினேன். ஒண்ணுமே சொல்லாம நின்னாரு, பாவி மனுஷன்."

"நேரா கேட்டுடேன்க்கா. இப்படி எத்தனை மெஷினுக்குக் கலர் சொல்லிட்டிருப்பே?"

"என்னன்னு கேக்கச் சொல்றே?" என்றாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "யோசிச்சுப் பாரு. கம்ப்யூட்டர்ல உக்காரப்போறது நான். மோட்டார் மாட்டப்போறது தம்பி. மெஷினைத் தொட்டுப் பாத்துச் சொல்றது ஒண்ணுதான் இந்த வீட்டுல அவர் பங்கு. உங்களுக்கு அதுவும் தெரியலைன்னு நானே சொல்லணுமா? அவன் கிடங்குல, அத்தனை பேர் முன்னாடி? என்னால முடியாதுப்பா. நான் லூசுன்னு பேர் வாங்கிட்டுப் போறேன்."

"தப்பான மெஷினை வாங்கிட்டா?"

"அதான் பயமா இருக்கு. வேலையை வேற விட்டுட்டேன்."

தட்டை வைத்துவிட்டுப் போனாள். 

பளபளாவிடம் இன்னொரு மெஷின் கணக்கில் இருந்தது. மூடிப்போன தொழிற்பயிற்சிப் பள்ளியின் பட்டறையில் நிற்கிறதாம். யாரும் சீண்டாததால் அவன் பெயிண்டோடு அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. மறுநாள் மைக்ரான் வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். அக்கா அவர் செருப்பை எடுத்து வாசலில் போட்டுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் வந்தார்.

பட்டறைக் கூரையில் பாதி ஓடு இல்லை. உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மெஷின் ஒரு மூலையில், நல்லவேளை, நனையாத மூலையில் நின்றது. சாம்பல் நிறப் பெயிண்ட் பத்தை பத்தையாக உரிந்திருந்தது. மேலெல்லாம் புறா எச்சம். கைப்பிடியைப் பிடித்தால் கால் சுற்று வெறுமனே ஆடிவிட்டுத்தான் டேபிள் நகர யோசித்தது. ஸ்லைடு முழுக்க எண்ணெய் தேன் மாதிரி இறுகிப்போயிருந்தது.

பளபளாவும் சர்க்யூட்டும் மீட்டர் பெட்டியில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கச் சுவருக்கு அந்தப்பக்கம் போனார்கள். மெஷினிடம் நாங்கள் மூன்று பேர்தான்.

"பாருங்க" என்றாள் அக்கா.

"நான் எதுக்குப் பாக்கணும்? நீயே கலரைப் பாத்துச் சொல்லு."

"நீங்க பாக்காம வேற யாரு பாக்கறது?"

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அவளே இறுகிய எண்ணெயைத் தேய்த்து எடுத்தாள். நேரம் பிடித்தது. அடியிலிருந்து வெள்ளை இரும்பு எழுந்து வந்தது. மைக்ரான் வேண்டா வெறுப்பாக விரலை வைத்தார். கண்ணைக்கூட மூடவில்லை. அழுத்தி ஒரு முறை ஓட்டினார்.

"நல்லா இருக்கு."

டீ சொல்லவில்லை. நேற்றுப் பட்ட சூடு.

அக்கா துடைக்கிற மாதிரி துணியை நகர்த்திக்கொண்டு, அதன் மறைவில் நகத்தை ஓட்டினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முக்கால்வாசி தூரம் தடையில்லாமல் போனது. அப்புறம் நின்றது.  இதையும் விட்டால் வேறு மெஷின் கிடையாது. எந்தக் கலரைச் சொல்லித் தப்பிப்பது? பயத்தில் வாய் தவறிவிட்டது.

"இங்கயும் தட்டுதுங்க."

மைக்ரான் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"இங்கயும்னா?"

அவள் நகத்தைச் சட்டென்று துணிக்குள் இழுத்துக்கொண்டாள். 

"இங்கயும்னா என்னடி? வேற எங்க தட்டுச்சு?"

நான் வண்டிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி சுற்ற ஆரம்பித்தேன். சுற்றின கயிறுதான். என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"அப்ப கலர் இல்ல" என்றார்.

"இல்ல."

அவர் குனிந்து ஸ்லைடில் விரலை வைத்தார். "எங்க? இங்கயா?"

"கொஞ்சம் தள்ளி."

"இங்க?"

"அதுதாங்க. உங்க விரல் அதுக்கு மேலதான் இருக்கு."

அழுத்தினார். முன்னும் பின்னும் ஓட்டினார். வேறு விரலை வைத்துப் பார்த்தார். இடது கையை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு விரலாக அவர் மாற்றி மாற்றி வைத்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. போதும் அண்ணே என்று கையைப் பிடித்து இழுத்துவிடலாம் போல இருந்தது. அவள் அசையாமல் நின்றாள்.

"தெரியல" என்றார் கடைசியில். "ஒண்ணுமே தெரியலடி."

அக்கா துணியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே வேறு குரலில் பேசினார். மெஷின் பக்கத்தில் நின்று புதிதாக வந்தவனுக்கு வேலை சொல்கிற குரல் அது.

"போகும்போது தட்டுதா, வரும்போது தட்டுதா?"

"என்னது?"

"நகத்தை ஓரத்திலேர்ந்து உள்ள தள்ளிட்டுப் போ. தட்டுதா?"

"தட்டுது."

"அப்படியே திருப்பி இழு."

"அப்பவும் தட்டுது."

"நேத்து எப்படி இருந்துச்சு?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். "நேத்து உள்ள போகும்போது ஒண்ணுமில்ல. திரும்பி வரும்போது மட்டும் தட்டுச்சு."

"அதான் தேய்மானம்" என்றார். "படிக்கட்டு மாதிரி. இறங்கும்போது நகம் சும்மா இறங்கிடும். ஏறும்போதுதான் தட்டும். நேத்து அதை வாங்கியிருந்தோம்னா தலையில துண்டைப் போட்டுட்டு உக்காந்திருக்கணும்." ஒரு மூச்சு விட்டார். "இது தேய்மானம் இல்ல. எவனோ ஸ்பேனரைக் கீழ போட்டிருக்கான். அடிபட்ட இடத்துல இரும்பு பிதுங்கி நிக்குது. அதான் ரெண்டு பக்கமும் தட்டுது. தீட்டற எண்ணெய்க்கல்லை வெச்சு நாலு தேய் தேய்ச்சா அடங்கிடும்."

"நிஜமாவா?"

"நீ சரியாச் சொல்லியிருந்தா நிஜம்."

அவள் மறுபடி நகத்தை ஓட்டிப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும்தாங்க. சத்தியமா."

"அப்ப அந்தப்பக்க ஸ்லைடையும் பாக்கணும். அதுக்கு நகம் வேணாம். விரலை ஓட்டாம, சும்மா மேல வெச்சுக்கிட்டு..." அதற்குள் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. அவர் சட்டென்று நிமிர்ந்தார். அக்கா துணியை எடுத்து விரல் மேல் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் திருடிவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

"கரண்ட் இருக்கு. மோட்டார் நல்லாத்தான் சுத்தும்" என்று சொல்லிக்கொண்டே சர்க்யூட் வந்தான். பின்னால் பளபளா வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"என்னக்கா, இந்தக் கலராவது பிடிச்சிருக்கா? பாதியைப் புறாவே அடிச்சு வெச்சிருக்கு!"

வாசலில் நின்ற வாட்ச்மேன்கூடச் சிரித்தான். அந்தக் கதை அதற்குள் இங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. சர்க்யூட்டும் அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இது பரவாயில்ல" என்றாள் அக்கா, தலையைக் குனிந்துகொண்டு. "கண்ணை உறுத்தல."

"அப்பாடா! அண்ணே, நீங்க சொல்லுங்க. விரல் வெச்சீங்களா? டீ சொல்லலாமா?"

எல்லோரும் மைக்ரானைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மெஷின் நல்ல மெஷின், அவர் பெயரும் பத்திரம். அவளும் அதற்குத்தான் கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சு முடிச்சிட்டியா?" என்றார் பளபளாவிடம். "அவ கலர் பாக்கலய்யா. உன் பச்சை மெஷின்ல ஸ்லைடு தேஞ்சு படி நிக்குது. அதைப் பாத்தா."

"என்னண்ணே, நீங்களே தொட்டுப் பாத்து..."

"வேணாங்க" என்றாள் அக்கா. "இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"நான் தொட்டேன். எனக்குத் தெரியல." இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினார். "விரல் செத்துப்போச்சு. ரொம்ப நாளாச்சு. இவகிட்டகூடச் சொல்லல. அவளுக்குத் தெரிஞ்சுது. என் மானம் போயிடக் கூடாதுன்னு உங்க எல்லார்கிட்டயும் லூசுப் பட்டம் வாங்கிட்டு வாயை மூடிட்டு நின்னா. நானும் சேர்ந்து அவளை ஏசினேன், வண்டியில, வழி முழுக்க."

பளபளாவின் சிரிப்பு வாயிலேயே நின்றது. சர்க்யூட் மாமா கையையே பார்த்தான். நாளைக்குத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், இனிமேல் பழைய மெஷின் பார்க்க ஒருவனும் அவரைக் கூப்பிடமாட்டான். அவருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சொன்னார்.

அக்கா அழுதாள். சத்தமில்லாமல், கோபமாக. "என்னைக் கேக்காம எதுக்குங்க சொன்னீங்க?"

"நீ என்னைக் கேட்டா கலர் சொன்னே?"

அவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். 

"அந்தப்பக்க ஸ்லைடு இன்னும் பாக்கல" என்றார் மைக்ரான். "வா. அவசரப்படாத. என்ன தெரியுதோ அதைச் சொல்லு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

அவள் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு அந்தப்பக்கம் போய்க் குனிந்தாள். மைக்ரான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.